எட்டே முக்கால் மணிக்கு முன்னும் பின்னும்

"எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்கம்மா?"

மெதடிஸ்ட் பரம்பரையில் வந்த வீட்டுக்கு மருமகளாய்ப் போன பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கு அறிமுகமானது. நான் தரங்கம்பாடி லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஆராதனையில் பாவ அறிக்கை உண்டு, ஞானப்பாட்டு உண்டு, ஒழுங்குமுறை உண்டு. எழுந்து நின்று, ஆண்டவர் என்னை இன்ன நாளில் சந்தித்தார் என்று சாட்சி சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. உபவாசக் கூட்டத்துக்கு வருகிறவர்களோ தேதி கேட்பார்கள். தேதி எதற்கு என்று திருப்பிக் கேட்டால் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைச் சான்றுக்கு அழைப்பார்கள்: லண்டன், ஆல்டர்ஸ்கேட் தெரு, 1738 மே 24, இரவு எட்டே முக்கால் மணி.

அந்த இரவை நான் முழு மனதோடு நம்புகிறேன். கடவுள் ஒரு மனிதரைத் தனியே சந்தித்து உள்ளத்தைத் திருப்புகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மணிக்கு முன்னால் வெஸ்லி வாழ்ந்த முப்பத்துநான்கு வருஷங்களும், பிறகு வாழ்ந்த ஐம்பது வருஷங்களுக்கு மேலும் இருக்கின்றன. அவற்றை உதறிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இந்த வரலாற்றின் ஒரு வேர் எங்கள் ஊரில் இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று மிஷனெரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர். அவர்களை உருவாக்கியதோ ஜெர்மனியில் ஹாலே நகரத்தை மையமாகக் கொண்ட பக்தி இயக்கம். அவர்கள் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகி, இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற சிற்றூரில் ஒரு குருவானவர் வீடுவரை போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டுத் தலைவர் சாமுவேல் வெஸ்லி திருச்சபை மாமன்றத்துக்காக லண்டன் போயிருந்த சமயம். மகள் எமிலியா அப்பாவின் வாசிப்பறையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

அம்மா சூசன்னா அதைக் கேட்டுத் தூக்கம் கலைந்தவர்போல் ஆனார். நான் ஆணும் அல்ல, குருவும் அல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கூடுதலாகச் செய்யலாமே என்று நினைத்ததாகக் கணவருக்கு 1712 பிப்ரவரி 6 தேதியிட்ட கடிதத்தில் எழுதினார். அந்த நினைப்பிலிருந்து ஓர் ஒழுங்கு பிறந்தது. பிள்ளைகளைக் கிழமைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாலையும் ஒருவரோடு தனியே உட்கார்ந்து அவர்கள் ஆத்துமாவைப் பற்றிப் பேசினார். வியாழக்கிழமை ஜானுக்கு. அப்போது ஜானுக்கு எட்டு வயது. ஞாயிறு மாலைகளில் வீட்டாருக்காக நடத்திய ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, இருநூறு பேருக்கு மேல் கூடி, இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். பங்குப் பொறுப்பிலிருந்த உதவிக் குருவுக்கு இது பிடிக்கவில்லை. சூசன்னா நிறுத்தவில்லை. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராயிருந்த மகன், அந்த வியாழக்கிழமை நேரத்தை இப்போதும் எனக்காக ஒதுக்க முடியுமா என்று அம்மாவுக்கு எழுதிக் கேட்டார். சோழமண்டலக் கடற்கரையில் எழுதப்பட்ட கடிதம் ஓர் ஆங்கிலத் தாயை அசைத்தது, அந்தத் தாய் ஒரு பையனோடு பேசினாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜானும் தம்பி சார்லஸும் நண்பர்களும் உபவாசமிருந்தார்கள், சிறைக்கைதிகளைப் பார்க்கப் போனார்கள், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கெழுதினார்கள். ஊரார் மெதடிஸ்ட் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஜானின் மனதிலோ சமாதானம் இல்லை. 1735இல் அமெரிக்கக் குடியேற்றமான ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். 1736 ஜனவரி 25 அன்று புயல். பெரிய பாய் கிழிந்தது, கடல் தளத்தின் மேல் ஏறிக் கொட்டியது, ஆங்கிலேயர் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொரேவியர் என்ற ஜெர்மானிய சபையார் பாடிக்கொண்டிருந்த ஞானப்பாட்டை விடாமல் பாடி முடித்தார்கள். பயமாயில்லையா என்று ஜான் பிறகு ஒருவரிடம் கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளும்? அவர்களுக்கும் இல்லையாம்.

இந்த மொரேவியர்களுக்கு அடைக்கலம் கொடுத்த சின்சென்டோர்ப் பிரபு, சிறுவயதில் ஹாலே பள்ளியில் படித்தபோது தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். மறுபடியும் எங்கள் ஊர்!

ஜார்ஜியாவில் இறங்கியதும் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொரேவிய போதகரிடம் வெஸ்லி ஆலோசனை கேட்டார். அவரோ, இயேசு கிறிஸ்துவை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். உலக இரட்சகர் என்று தெரியும் என்றார் வெஸ்லி. உங்களை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா என்றது அடுத்த கேள்வி. என்னை இரட்சிக்க மரித்தார் என்று நம்புகிறேன் என்றார். உங்களையே உங்களுக்குத் தெரியுமா என்றதற்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அது வெறும் வார்த்தையோ என்று அஞ்சியதாகத் தம் நாட்குறிப்பில் வெஸ்லியே எழுதியிருக்கிறார். குருப்பட்டம் பெற்ற ஒருவர் தம்மைப் பற்றி இதை அச்சிலும் ஏற்றினாரே, அந்த நேர்மைக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

ஜார்ஜியாவில் தோற்று, 1738 பிப்ரவரியில் ஊர் திரும்பினார். சில நாளில் பீட்டர் போலர் என்ற மொரேவிய இளைஞரைச் சந்தித்தார். தம்மைவிட ஒன்பது வயது இளையவரிடம் மாணவரைப்போல் உட்கார்ந்து வாதாடினார். ஒரு நொடியில் விசுவாசம் பிறக்குமா? பாவத்தின் ஆளுகையும் குற்ற உணர்வும் நீங்குமா? வேதத்தில் காட்டு, அனுபவத்திலும் காட்டு என்றார் வெஸ்லி. போலர் மறுநாள் மூன்று பேரை அழைத்து வந்தார். தங்களுக்குள் என்ன நடந்தது என்று அவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வெஸ்லியின் வாதம் அங்கே ஓய்ந்தது. என் புகுந்த வீட்டுச் சாட்சிக் கூட்டத்தின் பழைய உருவம் அந்த அறையில் இருந்தது: மேடையும் கைத்தட்டலும் இல்லை, கேட்கிற ஒருவர், சொல்கிற மூவர்.

மே 21, பெந்தெகொஸ்தே ஞாயிறு. நோயாய்ப் படுத்திருந்த சார்லஸுக்கு அந்தச் சமாதானம் முதலில் கிடைத்தது. மூன்று நாள் கழித்துப் புதன்கிழமை மதியம் ஜான் பரிசுத்த பவுல் பேராலயத்தில் 130ஆம் சங்கீதத்தைப் பாடக் கேட்டார். மாலையில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்துக்கு மனமே இல்லாமல் போனார். அங்கே யாரோ ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். விசுவாசத்தின் மூலம் கடவுள் உள்ளத்தில் செய்யும் மாற்றத்தைப் பற்றிய பகுதி வந்தபோது வெஸ்லியின் நெஞ்சுக்குள் ஓர் அனல் பரவியது. கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறேன், என் பாவங்களை, ஆம் என்னுடையவற்றையே, அவர் நீக்கிவிட்டார் என்ற உறுதி பிறந்தது. முதலில் அவர் செய்தது தமக்குத் தீங்கு செய்தவர்களுக்காக ஜெபித்தது. பிறகு கூடியிருந்தவர்களிடம் அதை வாய்விட்டுச் சொன்னார்.

வாசித்தவர் பெயர் நாட்குறிப்பில் இல்லை. லுத்தரன் பெண்ணான எனக்கு இந்தக் காட்சியில் மிகவும் பிடித்தது அதுதான். உரத்த பிரசங்கம் எதுவும் நடக்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு முன்னுரையை யாரோ நிதானமாக வாசித்தார்கள், அவ்வளவே.

தேதி கேட்பவர்கள் அந்தப் பதிவின் அடுத்த வரிகளுக்குப் போவதில்லை. இது விசுவாசமாயிருக்காது, சந்தோஷம் எங்கே என்ற சோதனை அதே இரவில் அவருக்கு வந்தது. 1739 ஜனவரியில், நான் கிறிஸ்தவன் அல்ல என்றே எழுதினார். இடையில், அந்தக் கோடையில், ஹாலேயின் அநாதை இல்லத்தையும் மொரேவியரின் ஹெர்ன்ஹூட்டையும் போய்ப் பார்த்து வந்தார். திரும்பியதும் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார்: போன சந்திப்புக்குப் பிறகு என்ன பாவம் செய்தாய், என்ன சோதனை வந்தது, எப்படி விடுபட்டாய் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும்.

1742இல் பிரிஸ்டலில் நடந்தது இன்னும் அருமை. அங்கே ஆராதனைக் கட்டடத்துக்குக் கடன் இருந்தது. பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஒரு தலைவரை வைத்தார்கள். வீடு வீடாகப் போன தலைவர்கள் குடி, சண்டை, கண்ணீர் என்று பல வீட்டு நிலவரங்களோடு திரும்பி வந்தார்கள். காசு வாங்கப் போகிறவரே ஆத்துமாவையும் விசாரிக்கலாமே என்று வெஸ்லிக்குத் தோன்றியது. வகுப்பு என்ற ஏற்பாடு இப்படிப் பிறந்தது. 1814இல் யாழ்ப்பாணத்துக்கும் அதையடுத்து 1817இல் சென்னைக்கும் வந்த வெஸ்லியன் மிஷனெரிகள் இந்த மரபிலிருந்து வந்தவர்கள்தாம்.

அந்த இரவுக்கு முந்தைய வருஷங்களை வெஸ்லியும் உதறிவிடவில்லை. ஜார்ஜியாவிலிருந்து திரும்பிய நாட்களில், மற்றவர்களை மனந்திருப்பப் போன நான் மனந்திரும்பவே இல்லை என்று வெஸ்லி எழுதியிருந்தார். எழுபது வயதைக் கடந்த பின் அந்த நாட்குறிப்பை மறுபதிப்புக்குத் தயாரித்தபோது, இது சரியென்று உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்று அதன் கீழ் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். வேலைக்காரனுக்குரிய விசுவாசம் அப்போதே தம்மிடம் இருந்தது, பிள்ளைக்குரியது இல்லை என்று இன்னொன்றில் எழுதினார்.