மன்றம் இல்லாத ஊருக்கு மதிப்பெண்: கொரோனா காலக் கும்மிடிப்பூண்டியும் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவும்

கொரோனா காலத்தில் தமிழக உள்ளாட்சிகள் எப்படிச் செயல்பட்டன என்று மதிப்பிடும் ஆய்வுகளில் ஒரு போக்கு வலுவாக வேரூன்றிவிட்டது. எத்தனை தெருக்களில் கிருமிநாசினி தெளித்தார்கள், எத்தனை காய்ச்சல் முகாம்கள் நடந்தன, எத்தனை வீடுகளுக்குக் கபசுரக் குடிநீர் போய்ச் சேர்ந்தது என்று கூட்டி, வந்த தொகையை உள்ளாட்சியின் சேவைத் திறனாகக் கொள்வது அந்தப் போக்கு. இந்தக் கணக்கு பொய் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. அது அளப்பது உள்ளாட்சியை அல்ல என்றே சொல்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டாரம் இதற்குத் தக்க சான்று.

சான்றின் வலு தேதிகளில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி பேரூராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபின், மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளைப் போலவே இங்கும் நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். முதல் இரண்டு அலைகளும் மன்றமே இல்லாத ஊரில் வந்து போயின. பேரூராட்சி எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு. ஒன்றியத்தின் 61 ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் 2020 ஜனவரி 6இல் பொறுப்பேற்றார்கள். மூன்று மாதம் நிறைவதற்குள் ஊரடங்கு வந்தது.

ஆக, சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி, ஒரே தொற்றும் ஒரே மாவட்ட நிர்வாகமும் இருந்த இடத்தில், மன்றம் உள்ள உள்ளாட்சிகளும் மன்றம் இல்லாத உள்ளாட்சியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தெளித்த தெருக்களையும் நடத்திய முகாம்களையும் எண்ணும் முறை இரண்டுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. மன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவுகோலால் மதிப்பெண் போட முடிகிறதென்றால், அந்த மதிப்பெண் மன்றத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

இதற்கு எதிர்த்தரப்பின் பதில் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 41ஆம் பிரிவை அவர்கள் இப்படி வாசிக்கிறார்கள்: உள்ளாட்சி அமைப்பின் பேரிடர்க் காலக் கடமைகள் அனைத்தும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் உத்தரவுகளுக்கு உட்பட்டவை; ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்; எனவே இட்ட வேலையைச் செய்து முடிப்பதே உள்ளாட்சியின் பணி; அதை எண்ணுவதே நியாயமான மதிப்பீடு.

முதல் உட்பிரிவோடு நிறுத்திக்கொண்டால் இந்த வாசிப்பு சரிதான். பணியாளருக்குப் பயிற்சி, வளங்களைத் தயார்நிலையில் வைத்தல், கட்டுமானத் தரத்தை உறுதிசெய்தல், மாநில, மாவட்டத் திட்டங்களின்படி நிவாரணம் ஆகியவை அங்கே கடமைகளாகச் சுமத்தப்படுகின்றன. மாவட்ட ஆணையத்தின் உத்தரவுக்கு அவை உட்பட்டவை என்பதும் அங்கேதான் வருகிறது. ஆனால் இரண்டாம் உட்பிரிவு தனியாக நிற்கிறது. பேரிடர் மேலாண்மைக்குத் தேவைப்படும் பிற நடவடிக்கைகளை உள்ளாட்சி அமைப்பு எடுக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது திரும்பச் சொல்லவில்லை. ஆட்சியரின் உத்தரவை மீறும் உரிமை இதில் இருக்கிறது என்று நான் வாதிடவில்லை. உத்தரவு எட்டாத இடத்தில் உள்ளூரே முடிவெடுக்கச் சட்டம் இடம் விட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறேன். அந்த இடத்தை யார், எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் உள்ளாட்சியின் செயல்திறன் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை என்பது மாவட்ட நிர்வாகத்தின் கணக்கு.

அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதை வெளிமாநிலத் தொழிலாளர்களை வைத்து அளக்கலாம். 2020 மே மாதம், குடும்ப அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என இரண்டு மாதங்களுக்கு மத்திய அரசு அறிவித்தது. அளவு தில்லியில் முடிவாகிவிட்டது. ஆளை அடையாளம் காண்பது உள்ளூரில் நடக்க வேண்டிய வேலை. எந்த லைன் வீட்டில் எத்தனை ஒடிசாக்காரர்கள், எந்த ஒப்பந்ததாரர் ஆட்களை விட்டுவிட்டுப் போனார், எந்த வீட்டுக்காரர் வாடகைக்கு நெருக்குகிறார் என்பதெல்லாம் வார்டு உறுப்பினருக்குத் தெரியக்கூடியவை. தெரிந்ததை மன்றத்தில் வைத்துத் தீர்மானமாக்குவது இரண்டாம் உட்பிரிவு திறந்துவிட்ட வழி. ஊராட்சிகளுக்கு அந்த வழி இருந்தது. பேரூராட்சியில் தீர்மானத்தை முன்வைத்தவரும் நிறைவேற்றியவரும் அதிகாரிகளே. கேள்வி கேட்க எதிரில் ஒருவரும் இருக்கவில்லை.

இன்னொரு படி மேலே போகலாம். இச்சட்டத்தின் வரையறையில் உள்ளாட்சி அமைப்பு என்பது ஊராட்சி, நகராட்சிகளோடு முடிவதில்லை. குறிப்பிட்ட பகுதியில் அத்தியாவசிய சேவைகளை வழங்கவோ குடிமைச் சேவைகளை நிர்வகிக்கவோ சட்டத்தால் பொறுப்பளிக்கப்பட்ட பிற அமைப்புகளும் அதில் அடங்கும். தொழிற்பேட்டைக்குள் சாலை, தண்ணீர், விளக்கு ஆகியவற்றைக் கவனிக்கும் சிப்காட்டை இதன்கீழ் கொண்டுவர முடியுமா? அது 1971இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு சட்டம் அளித்ததா என்பது விவாதத்துக்குரியது. இதை முடிந்த முடிபாக நான் வைக்கவில்லை. ஆயினும் பேட்டைச் சுவருக்கு உள்ளே யார் பொறுப்பு என்று கேட்காமலே கும்மிடிப்பூண்டியின் சேவைகளை மதிப்பிடும் ஆய்வு பாதி ஊரை விட்டுவிடுகிறது.

அவசர காலத்தில் கூடிப் பேச நேரமேது என்ற ஆட்சேபம் நீண்ட பதிலுக்குரியதல்ல. 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்குத் தெருத்தெருவாகக் கூட்டம் கூட நேரம் இருந்தது. வாக்கில்லாத வடமாநிலத்தவருக்காக எந்த உறுப்பினர் பேசுவார் என்ற ஆட்சேபமும் நீண்ட பதிலுக்குரியதல்ல. பேசினாரா இல்லையா என்று தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தபின் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்வது ஆய்வாகாது.

கனமான ஆட்சேபம் வேறு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி என்றாலே முடிவெடுக்கும் ஊராட்சியா? இதே வட்டாரத்து ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து, ஆட்சியர் நேரில் வந்த பிறகே ஏற்றினார். கொடிக்கே இந்த நிலை என்றால் நிவாரணப் பட்டியலில் அவர் சொல் எவ்வளவு எடுபட்டிருக்கும்? கூடவே, ஊராட்சியைக் கேள்வி கேட்க வேண்டிய கிராம சபை 2020 ஜனவரி 26க்குப் பிறகு 2021 அக்டோபர் 2 வரை கூட்டப்படவில்லை. வழக்கமான ஆறு கூட்டங்கள் விடுபட்டன. தொற்றே காரணம் என்றது அரசு. வேளாண் சட்டங்களுக்கு எதிரான தீர்மானங்களுக்கு அஞ்சியே 2020 அக்டோபர் 2 கூட்டம் ரத்தானது என்றது அன்றைய எதிர்க்கட்சி. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: ஊராட்சியில் மன்றம் இருந்தது, அதைத் தட்டிக் கேட்கும் சபை இல்லை.

இந்த ஆட்சேபம் என் வாதத்தைக் குலைக்கவில்லை. எதை ஆராய வேண்டும் என்று காட்டுகிறது. ஊராட்சிகளைப் பொறுத்தவரை, ஊரடங்கின்போது மன்றம் எத்தனை முறை கூடியது, உத்தரவில் இல்லாத எதைத் தானாக முடிவு செய்தது, தலைவர் சொன்னதை ஊராட்சி செயலர் செய்தாரா என்பவையே மதிப்பீட்டின் கேள்விகள். பேரூராட்சியைப் பொறுத்தவரை 2020, 2021 ஆண்டுகளுக்கு மன்றச் செயல்திறன் என்ற பத்தியை வெறுமையாக விடுவதுதான் நேர்மை. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243யூ உறுப்பு. அது நடக்காமல் போனதற்கான பொறுப்பைப் பேரூராட்சியின் கணக்கில் அல்ல, மாநிலத்தின் கணக்கில் எழுத வேண்டும்.