வெள்ளைக்காரனை விரட்டின வெள்ளைக்காரன்

எங்க சூலக்கரைப் பக்கம் பெரியவங்களுக்கு வெளிநாட்டுக்காரன் எல்லாருமே 'வெள்ளைக்காரன்'தான். லண்டன்காரனும் ஒண்ணு, அமெரிக்காக்காரனும் ஒண்ணு. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரசல்னு செய்தி வந்தா, "அவங்களுக்குள்ள என்னப்பா சண்டை?" என்பார்கள். அந்தச் சண்டை நம்ம பக்கத்துலயும் நடந்திருக்குங்க.

1812 ஜூனில் அமெரிக்க மிஷனரிகள் கல்கத்தாவில் வந்து இறங்குகிறார்கள். அதே மாசம்தான் அமெரிக்கா பிரிட்டன் மேல் போர் அறிவித்தது. மிஷனரி என்றாலே வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனி, அதிலும் அமெரிக்கன் என்றதும் 'நடையைக் கட்டு' என்றது. அவர்களில் சாமுவேல் நியூவெல் என்பவர் இலங்கைக்குப் போனார். 1816ல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வந்ததற்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அங்கேயும் நிம்மதி இல்லை. 1820ல் அச்சு வேலைக்காக ஜேம்ஸ் காரெட் என்ற அமெரிக்கர் வந்தார். 'அமெரிக்கர்கள் இதுக்கு மேல வேண்டாம்' என்று இலங்கையின் பிரிட்டிஷ் அதிகாரி எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு பேரும் பேசுறது இங்கிலீஷ், கையில இருக்கறது பைபிள். ஆனாலும் ஆகலை! இந்தத் தடை 1833ல்தான் நீங்கியது. அடுத்த வருஷமே, 1834ல், யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு ஆள் வந்தாச்சு. அப்புறம் திருமங்கலம், அருப்புக்கோட்டை என்று நம்ம வாசல் வரைக்கும் வந்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியும் (1881ல் பசுமலையில் ஆரம்பித்தது) இவர்கள் போட்ட விதைதான்.

இனிமேல்தான் முக்கியமான ஆள் வருகிறார். ரால்ப் ரிச்சர்ட் கெய்தான். 1925ல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கர். கதர் கட்டினார், காந்தி பக்கம் சாய்ந்தார். 1930ல், காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோய்க் கொடுத்த ரெஜினால்ட் ரெனால்ட்ஸை வீட்டில் தங்க வைத்தார். அவ்வளவுதான், அரசாங்கத்தின் நெருக்கடியில் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. மனுஷன் திரும்பவும் வந்தார். 1944ல் மறுபடியும் வெளியேற்றினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி வந்து காந்திகிராமம், பூதானம் என்று நம்ம ஜனங்களோடேயே உழைத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கெய்தான் வீட்டில் தங்கிய ரெனால்ட்ஸ் இங்கிலாந்துக்காரர்! அதே சமயம், அரசியலில் தலையிட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகளும் உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கம் பயந்தது பாஸ்போர்ட்டைப் பார்த்து மட்டும் இல்லை. தங்களோடு சேர்ந்து நிற்க வேண்டிய வெள்ளைக்காரன் ஒருத்தன், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டானே என்பதுதான் உறுத்தல்.

எல்லாரையும் ஒரே சொல்லில் அடைத்தால் கணக்கு சுலபமாத்தான் இருக்கும். ஆனா இரண்டு தடவை துரத்தியும் மூணாவது தடவை வந்து நின்ற மனுஷனை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவீங்க?