ஈரத்தில் கெட்ட பேட்டரியும் எங்கள் மாடி சோலாரும்



2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. என் மனைவிக்கு வீசிங் தொந்தரவு. நெபுலைசர் வைக்க, ஜெனரேட்டர் இருந்த வீடு தேடி இருட்டில் அலைந்தோம். அதை மறக்க முடியாமல்தான் இந்த வருஷம் 500 வாட்-ஹவர் பவர் ஸ்டேஷன் ஒன்று வாங்கினேன். அதற்கு எந்த சோலார் பேனல் என்று தேடப்போய் வரலாற்றில் இறங்கிவிட்டேன். வாத்தியார் புத்தி!

ஒளி பட்டால் மின்சாரம் பிறப்பதை 1839-லேயே பிரான்சின் எட்மண்ட் பெக்கரல் கண்டார். உருப்படியான செல் வந்தது 1954-ல். அதற்குத் தூண்டுதல், கெட்டுப்போன பேட்டரிகள். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் தொலைபேசிக்கு வைத்த பேட்டரிகள் சீக்கிரம் கெட்டன. மாற்று தேடும் பொறுப்பு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேரில் சேப்பினுக்கு வந்தது. செலினியம் செல்லில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. பிறகு ஃபுல்லர், பியர்சனுடன் சேர்ந்து சிலிக்கானில் 6 சதவீதம் எட்டினார். இன்றைய நல்ல பேனல்கள் 20 சதவீதம் தாண்டுகின்றன.

1958 மார்ச்சில் வான்கார்டு-1 செயற்கைக்கோள் பறந்தது. அதன் பேட்டரி டிரான்ஸ்மிட்டர் ஜூனில் அடங்கியது. சோலார் டிரான்ஸ்மிட்டர் 1964 வரை பேசியது. பெட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட, அது திரும்ப நிரம்புமா என்பதே கேள்வி என்று எனக்கு உறைத்தது.

பேனலில் எழுதியிருக்கும் 100 வாட்ஸ், 25 டிகிரி சூட்டில் ஆய்வகத்தில் அளந்தது. நம் மாடியில் நல்ல வெயில் நாளில் 350 வாட்-ஹவர் கிடைத்தால் அதிகம். மூடாப்பு நாளில் கால்பங்கு என்று வைத்தாலும் 90-ஐத் தொடாது. நெபுலைசருக்குத் தடவைக்குச் சுமார் 30, நாளுக்கு நாலு தடவை என்றால் 120 வேண்டும். ஆகவே 100 வாட்ஸ் பேனல் இரண்டு வாங்கினேன்.

கடைக்காரத் தம்பி இரண்டையும் சீரிஸில் போடச் சொன்னார். பேனல் ஒவ்வொன்றும் லோடு இல்லாதபோது 22 வோல்ட், சீரிஸில் 44. என் பெட்டி தாங்குவது 28 தான். பேரலலில் இணைத்தேன், வோல்ட் 22-லேயே நின்றது. தென்னை நிழல் விழாத இடமாகவும் பார்த்து வைத்தேன். ஓரத்தில் நிழல் பட்டாலும் உற்பத்தி சட்டென விழும்.

வாங்குமுன் பெட்டியின் வோல்ட் வரம்பைப் படியுங்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.