பட்டுச் சாயப்பட்டறையில் பாதுகாப்புக் கவசங்கள்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, பட்டுச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். பட்டு நூல் தறிக்குச் செல்லும் முன் சோப்பும் சோடா உப்பும் கலந்த கொதிநிலைக்கு நெருங்கிய நீரில் வேகவைக்கப்பட்டு, அதன் இயற்கைப் பசை நீக்கப்படுகிறது. பின்னர் சாயமும் அமிலமும் சேர்த்த சூடான நீரில் நிறமேற்றப்படுகிறது. இப்பணியில் மூச்சு, கண், தோல் ஆகியவற்றுக்கு ஏற்படும் தீங்குகளில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், தோல் ஒவ்வாமை உள்ளோர், கர்ப்பிணிகள் ஆகியோர் சாயத்தூள் கலக்கும் பணியைத் தவிர்ப்பது நல்லது. வீட்டை ஒட்டிப் பட்டறை இருப்பின், குழந்தைகளை அங்கு அனுமதிக்கக் கூடாது.

எதற்கு எந்தக் கவசம்?

• தூள்: சாயத்தூளை எடை போடும்போதும் கலக்கும்போதும் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். துண்டு, கைக்குட்டை, துணி முகக்கவசம் ஆகியவை நுண்தூளைப் போதிய அளவு தடுப்பதில்லை. கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருப்பின் ஓரங்களில் காற்று கசியும்.
• வாயு: என்95 முகக்கவசம் அமில ஆவியையோ வாயுவையோ தடுக்காது. இவற்றுக்கு முதன்மைப் பாதுகாப்பு காற்றோட்டமே. தேவைப்படின், அமில வாயுக்களுக்கென உள்ள வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் பயன்படுத்த வேண்டும்.
• கண்: பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. பார்வைக் கண்ணாடி இதற்கு ஈடாகாது.
• கை, உடல், கால்: முழங்கை வரையிலான ரப்பர் கையுறை, நீர் புகாத மேலங்கி, வழுக்காத ரப்பர் காலணி. கிழிந்த கையுறைக்குள் புகும் சாயநீர் தோலோடு தங்கிவிடுவதால் அதை உடனே மாற்ற வேண்டும்.

ஹைட்ரோஸ்: தனி எச்சரிக்கை

நிறம் நீக்கப் பயன்படும் ஹைட்ரோஸ் தூளில் சிறிதளவு நீர் பட்டாலும் சூடேறித் தீப்பற்றலாம். அமிலத்தோடு சேர்ந்தால் கந்தக டை ஆக்சைடு வாயு வெளிப்படும். இது ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். இதனை உலர்ந்த, இறுக மூடிய கலனில், அமிலத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். கைகளில் படிந்த சாயத்தைப் போக்க ஹைட்ரோஸ் அல்லது ப்ளீச்சிங் பவுடரைப் பயன்படுத்தக் கூடாது. சோப்பும் நீரும் போதும்.

பராமரிப்போர் கவனத்திற்கு

• பணி உடையைத் தனியே துவைக்கவும். அதை உதறக் கூடாது.
• அமிலத்தையும் சாயத்தையும் குடிநீர் பாட்டில்களில் ஊற்றி வைக்கக் கூடாது.
• பெயர்ச்சீட்டு இல்லாத சாயங்களைத் தவிர்க்கவும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புடைய பென்சிடின் வகைச் சாயங்கள் இந்தியாவில் 1990-களிலேயே தடை செய்யப்பட்டன.

முதலுதவி

• கண்ணில் பட்டால்: இமைகளைத் திறந்து, குறைந்தது 20 நிமிடங்கள் சுத்தமான ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.
• தோலில் தூள் கொட்டினால்: முதலில் உலர்ந்த துணியால் தட்டி அகற்றி, பின்னர் ஏராளமான நீரில் கழுவவும்.
• வெந்நீர் கொட்டினால்: 20 நிமிடங்கள் குளிர்ந்த ஓடும் நீரில் காட்டவும். பற்பசை, மை, மாவு தடவக் கூடாது.
• விழுங்கினால்: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.
• மூச்சுத்திணறினால்: நோயாளியைத் திறந்த வெளிக்குக் கொண்டு வந்து உட்கார வைத்து, மருத்துவர் பரிந்துரைத்த இன்ஹேலரைக் கொடுக்கவும். குறையாவிடில் 108.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

வேலை நாட்களில் அதிகரித்து, விடுமுறையில் தணியும் இருமல், இளைப்பு அல்லது கை அரிப்பு, தொழில் சார்ந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரில் இரத்தம் தென்பட்டால், வலி இல்லாவிடினும் தாமதிக்கக் கூடாது. மருத்துவரிடம் செல்லும்போது செய்யும் தொழிலைத் தெரிவித்து, சாய டப்பாவின் பெயர்ச்சீட்டையும் உடன் எடுத்துச் செல்லவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.