ஜென்னி ஏரியும் ஒரு இருபது வருடச் சண்டையும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள் ஜென்னி ஏரி. கரைக்குப் பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவில் ஒரு முகாம் இடம். கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்கு மட்டும்தான் அங்கே அனுமதி, வீடு மாதிரி வண்டியை இழுத்துக்கொண்டு வருபவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரடி வரும்! கூடாரத்தை விட்டு ஏரிக்கரைக்கு நடந்தால் எதிரே மலை. சின்னச் சின்னக் குன்றுகளாகத் தொடங்கி மெதுவாக உயரும் மலை இல்லை இது. பூமியில் ஏற்பட்ட பிளவின் ஒரு பக்கம் மேலே எழும்பி, மறுபக்கம் கீழே இறங்கியதால் உண்டானது. அதனால் சமவெளியிலிருந்து சுமார் 7,000 அடி ஒரேயடியாக நிமிர்ந்து நிற்கிறது. உயர்ந்த சிகரம் கிராண்ட் டீட்டன், 13,775 அடி.

படங்களைப் பார்த்தால் மனிதன் கை படாத இடம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தக் காட்சி விலை கொடுத்து வாங்கப்பட்டது. அதுவும் ரகசியமாக! அந்தக் கதையைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் பெயரைப் பற்றி. ஜென்னி என்பவர் ஷோஷோனி பழங்குடிப் பெண். மான்செஸ்டரில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ரிச்சர்ட் லீ என்ற வேட்டைக்காரரின் மனைவி. 1872ல் அரசாங்க ஆய்வுக் குழு இந்தப் பக்கம் வந்தபோது லீதான் வழிகாட்டி. குழுவினர் ஒரு ஏரிக்கு அவர் பெயரையும், பக்கத்து ஏரிக்கு அவர் மனைவி பெயரையும் வைத்தார்கள். நான்கே வருடத்தில், 1876ல், பெரியம்மை வந்து ஜென்னியும் அவர்களுடைய பிள்ளைகளும் இறந்துபோனார்கள். லீ மட்டும் பிழைத்தார். ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? அவர்களுக்கெல்லாம் முன்பே, பல ஆயிரம் வருடங்களாக, கோடைக்காலத்தில் பழங்குடி மக்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். அதாவது இங்கே முகாம் போடுவது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1920களில் கார்கள் வர ஆரம்பித்தன. கூடவே ஜென்னி ஏரிப் பக்கம் நடன அரங்கு, பெட்ரோல் பங்க், விளம்பரப் பலகைகள் எல்லாம் வந்தன. சாலைக்கும் மலைக்கும் நடுவே தொலைபேசிக் கம்பிகள். இதைப் பார்த்துக் கவலைப்பட்ட உள்ளூர்க்காரர்கள் சிலர் 1923ல் ஒரு மரவீட்டில் கூடிப் பேசினார்கள். பக்கத்து யெல்லோஸ்டோன் பூங்காவின் தலைமை அதிகாரி ஹோரஸ் ஆல்பிரைட்டும் அதில் இருந்தார். 1926ல் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் குடும்பத்தோடு வந்தபோது, ஆல்பிரைட் இந்த அலங்கோலத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ராக்பெல்லருக்கு வருத்தம். (எண்ணெய்க் கம்பெனி முதலாளியின் மகன் பெட்ரோல் பங்கைப் பார்த்து வருத்தப்பட்டதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.)

அடுத்த வருடமே ஸ்நேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்று ஒரு நிறுவனம் முளைத்தது. அது பள்ளத்தாக்கில் நிலமாக வாங்கித் தள்ளியது. பின்னால் இருப்பது ராக்பெல்லர் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் அவர் பெயர் வெளியே வரவில்லை. மொத்தம் சுமார் 35,000 ஏக்கர், செலவு சுமார் 14 லட்சம் டாலர். இதற்கு நடுவே 1929ல் தேசியப் பூங்கா பிறந்தது. ஆனால் மலைகளும் அடிவாரத்து ஏரிகளும் மட்டும்தான் அதற்குள் வந்தன, சமவெளி வெளியே நின்றது.

1930ல் ரகசியம் வெளியானது. ஊரே கொதித்தது. 1933ல் செனட் விசாரணை நடந்தது, பெரிய முறைகேடு எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் ராக்பெல்லர் இலவசமாகக் கொடுக்க முன்வந்த நிலத்தை அரசாங்கத்தால் வாங்கிக்கொள்ள முடியவில்லை, எதிர்ப்பு அப்படி. கடைசியில் அவர் 'வேண்டாம் என்றால் விற்றுவிடுகிறேன்' என்கிற தொனியில் எழுதிவிட்டார். 1943 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், காங்கிரஸைக் கேட்காமல், 2,21,000 ஏக்கரை தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

மே மாதம் பண்ணைக்காரர்கள் துப்பாக்கியும் கையுமாக 500க்கு மேற்பட்ட மாடுகளை அந்த நிலத்தின் வழியே ஓட்டிப் போனார்கள். முன்னால் குதிரையில் போனவர் ஹாலிவுட் நடிகர் வாலஸ் பீரி! பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. நினைவிடத்தை ஒழிக்கக் காங்கிரஸ் ஒரு மசோதாவையே நிறைவேற்றியது, ரூஸ்வெல்ட் அதில் கையெழுத்துப் போடவில்லை.

இவர்களை வெறும் முரடர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நிலம் மத்திய அரசுக்குப் போனால் கவுண்டிக்கு வரி வருமானம் போகும், மேய்ச்சல் போகும். விவசாயம் நொடித்துப்போயிருந்த காலத்தில், யார் வாங்குகிறார் என்று தெரியாமலே பலர் நிலத்தை விற்றிருக்கிறார்கள். காட்சி காப்பாற்றப்பட்டது சரி, வாங்கிய விதம் அவ்வளவு சுத்தமில்லை என்பது என் கருத்து.

1949 டிசம்பரில் ராக்பெல்லர் நிலத்தை அரசிடம் ஒப்படைத்தார். 1950 செப்டம்பர் 14 அன்று ட்ரூமன் கையெழுத்திட, இரண்டும் சேர்ந்து இன்றைய பூங்கா ஆனது. அந்தச் சட்டம் முழுக்க பேரம்தான். மேய்ச்சல் உரிமை இருந்தவர்களுக்கு அது தொடரும், கவுண்டிக்கு வரி இழப்பீடு உண்டு. மாடு ஓட்டியவர்களில் ஒருவரான கிளிஃப் ஹான்சன் பிறகு வயோமிங் கவர்னராகவும் செனட்டராகவும் ஆனார். அந்தச் சண்டையில் தான் தோற்றது நல்லதாகப் போயிற்று என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

பேரத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது, இன்றுவரை அமலில் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி வேறு பல மாநிலங்களில் தன் அறிவிப்பு ஒன்றாலேயே தேசிய நினைவிடம் உருவாக்கலாம். வயோமிங்கில் மட்டும் காங்கிரஸ் சம்மதிக்காமல் முடியாது.