வெள்ளிக் காசின் மெய்ம்மை: தொண்டைநாட்டு நாணய நோட்டத்தின் வரலாறு

ஆர்க்காட்டையும் சென்னையையும் இணைத்த பழைய பெருவழி காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சென்றது. இன்று மோட்டார் வாகன ஆலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும் நிறைந்திருக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம், 18ஆம் நூற்றாண்டில் மேற்கே நவாபின் ஆர்க்காடு, கிழக்கே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை, தெற்கே கடலோரத்து ஆலம்பரை ஆகிய மூன்று அக்கசாலைகளுக்கு, அதாவது நாணயம் அடிக்கும் சாலைகளுக்கு, இடைப்பட்ட நிலமாக இருந்தது. இவற்றோடு 1736 முதல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் ஆர்க்காட்டு ரூபாயை அடித்து வந்தனர். ஒரே பெயரில், ஒரே பாரசீக வாசகத்தோடு, பல இடங்களில் பிறந்த காசுகள் இப்பெருவழியில் கைமாறியதால், எது எங்கே அடிக்கப்பட்டது, எதில் எவ்வளவு வெள்ளி, அதற்கு வட்டம் என்னும் கழிவு எவ்வளவு என்று சொல்லக்கூடியவர் இல்லாமல் வணிகம் நடந்திருக்க முடியாது.

அவ்வாறு சொல்லும் தொழிலுக்கு நோட்டம் என்று பெயர். தமிழகத்தில் அது மிகப் பழைய தொழில். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு ஒட்டி வரும் வண்ணக்கன் என்னும் சொல் நாணயப் பரிசோதகரைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை உளியால் வெட்டப்பட்டுள்ளது. அவ்வெட்டு உலோகத்தைச் சோதித்த அடையாளமா, காசைச் செல்லாததாக்கிய அடையாளமா என்பதில் அறிஞர் கருத்து வேறுபட்டாலும், அயல்நாட்டு முத்திரையை இங்குள்ளோர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது தெளிவு. பிற்காலத்தில் சராப்புகள், அதாவது காசு மாற்றும் வணிகர், தாம் சோதித்த வெள்ளி ரூபாயில் சிறு குறியொன்றைக் குத்தி விட்டனர். அக்குறி அன்று காசின் நம்பகத்துக்குச் சான்று. இன்று சேகரிப்போர் அதைக் குறையாகக் கருதி விலையைக் குறைப்பது, நோட்டத்தின் பொருளே மாறிவிட்டதைக் காட்டுகிறது.

இம்மாற்றத்தின் வேர் இரண்டு ஆண்டுகளில் உள்ளது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் ரூபாயின் எடையை 180 கிரெயின், அதாவது சுமார் 11.66 கிராம் என்றும், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்றும் கும்பினி ஆண்ட இந்தியா முழுமைக்கும் நிலைப்படுத்தியது. அதன்பின் உரைகல்லும் தராசும் மட்டுமே போதுமென்று தோன்றியது. ஆனால் 1893இல் தனியார் வெள்ளியைக் கொண்டுவந்து நாணயமாக்கிக்கொள்ளும் உரிமையை அரசு நிறுத்தியபோது, ரூபாயின் முகமதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையை விட உயர்ந்து நின்றது. நல்ல வெள்ளியிலேயே முழு எடையில் கள்ளக்காசு அடித்தாலும் ஆதாயம் உண்டு என்ற நிலை அப்போது பிறந்தது. அத்தகைய காசின் முன் உரைகல்லுக்கு வேலையில்லை; செய்நேர்த்தியைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கே வேலை. அரிய காசுகளுக்குச் சேகரிப்பு விலை ஏறிய பின்னர் இவ்வுண்மை பலமடங்கு வலுப்பெற்றது.

காசின் மேலுள்ள ஆண்டும் நம்பத்தக்கதன்று. சென்னை அக்கசாலை 1817 முதல் 1835 வரை இயந்திரத்தில் அடித்த ஆர்க்காட்டு ரூபாய்கள், கி.பி. 1758–59க்கு இணையான ஹிஜ்ரி 1172ஐயும் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் ஆறாம் ஆட்சியாண்டையுமே தாங்கி நிற்கின்றன. 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் 1862க்குச் சற்று முன்புவரை அடிக்கப்பட்டது. அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற 1804ஆம் ஆண்டு வெள்ளி டாலர்களும் உண்மையில் 1834–35இல், மஸ்கட் சுல்தான், சயாம் மன்னர் போன்றோருக்குப் பரிசளிக்கவென்று முதலில் அடிக்கப்பட்டவையே. ஆண்டு பொய்யாக இருந்தும் காசு மெய்யாக இருக்கலாம் என்பதை இவை உணர்த்துகின்றன.

இச்சிக்கல் முற்றி நிற்பது புரூஃப் காசுகளில்தான். புரூஃப் என்பது புழக்கத்துக்காக அன்றி, மாதிரிக்கும் பரிசுக்கும் சேகரிப்புக்குமாகச் சிறப்பாக அடிக்கப்படும் காசு. மெருகேற்றிய அச்சும் மெருகேற்றிய வெள்ளி வில்லையும் கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிதானமாக அழுத்தி இதை உருவாக்குவர். ஆகவே அதன் தளம் கண்ணாடிபோல் ஒளிரும், விளிம்பு கூர்மையாக எழுந்து நிற்கும். கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் பழைய ஆண்டுகளின் அச்சுகளைப் பாதுகாத்து வைத்திருந்து, சேகரிப்போர் கேட்டபோது அவற்றால் மீண்டும் அடித்துக் கொடுத்தன. மறுஅடிப்பு எனப்படும் இவ்வழக்கம் 1970 வரை நீடித்தது. அரசின் அச்சு, அரசின் பணியாளர், அரசின் வெள்ளி என்பதால் மறுஅடிப்பைக் கள்ளக்காசு என்று சொல்ல இயலாது. ஆயினும் அதை அந்தந்த ஆண்டின் மூல புரூஃப் என்று விற்பது ஏமாற்றே.

இரண்டையும் பிரிக்கும் வழி அச்சின் உடலில் உள்ளது. ஒரகடத்திலோ, 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையிலோ, தகடழுத்தும் பிரிவில் வேலைபார்க்கும் டை எனப்படும் அச்சைச் செப்பனிடுவோர் இதை எளிதில் உணர்வர்: டையில் விழுந்த குழி, அது அழுத்தும் ஒவ்வொரு தகட்டிலும் மேடாகவே தோன்றும். நீண்டகாலம் கிடந்த நாணய அச்சைத் துரு அரித்தால் அக்குழிகள் காசில் சிறு புள்ளிமேடுகளாகின்றன. அத்துருவை நீக்கத் தேய்த்த கோடுகள் மெல்லிய மேட்டுக்கோடுகளாகின்றன. எனவே மேடாக எழுந்த குறை அச்சிலிருந்து வந்தது, பள்ளமாக இறங்கிய குறை காசு பிறந்தபின் பட்ட காயம் என்பது நோட்டத்தின் முதற்பாடம். புழங்கிய ரூபாயைத் துணிச்சக்கரத்தில் மெருகேற்றிப் புரூஃப் என்று விற்பவரை இப்பாடமே காட்டிக்கொடுக்கிறது. அத்தகைய காசின் தளத்தில் நுண்ணிய பள்ளக்கீறல்கள் ஒரே திசையில் ஓடும், எழுத்துகளின் ஓரம் மழுங்கிக் கரைந்திருக்கும்.

இதே விதியைத் திருப்பிப் போட்டால் கள்ள அச்சும் அகப்படும். மெய்யான காசொன்றைப் படியெடுத்து அச்சு செய்வோர், அக்காசில் முன்பே இருந்த கீறலையும் சேர்த்தே படியெடுக்கின்றனர். ஒரே கீறல், ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், இரண்டு காசுகளில் பள்ளமாகத் தென்பட்டால், அவ்விரண்டில் ஒன்றேனும் போலி; பெரும்பாலும் இரண்டுமே போலி. வார்ப்புக் காசைக் கண்டறிவது இதனினும் எளிது. உருக்கிய உலோகம் குளிரும்போது சிக்கிய காற்று தளத்தில் நுண்துளைகளை விடும், எழுத்துகள் வழவழத்து நிற்கும், விளிம்பில் இரண்டு அரைவார்ப்புகள் கூடிய தடம் ஓடும். உலோகத்தையே மாற்றியிருந்தால் நீரே போதும்: மெய்யான ரூபாயின் அடர்த்தி சுமார் 10.3 ஆதலால், நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுத்தால் அது ஏறத்தாழ 1.13 கிராம் எடை குறையும். அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் போலியோ 1.35 கிராம் அளவுக்குக் குறையும்.

திருத்தப்பட்ட காசுகளில் உலோகம், எடை, அச்சு ஆகிய மூன்றும் மெய். பொய் ஓர் இலக்கத்தில் மட்டுமே ஒளிந்திருக்கும். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் மேலங்கியிலுள்ள யானையின் துதிக்கை குறுகிப் பன்றிபோல் தோன்றியதால் எதிர்ப்பு எழ, காசுகளில் பெரும்பகுதி உருக்கப்பட்டு, 1912இல் யானை திருத்தி வரையப்பட்டது. 1912ஐ 1911 ஆக்க நினைப்பவர் இலக்கத்தைச் சுரண்டலாம். யானையை மாற்ற இயலாது. 1939ஆம் ஆண்டுப் பம்பாய் ரூபாய் மிக அரிது. அதற்கு முந்திய 1938 எளிதில் கிடைப்பது. ஆகவே 8இன் கீழ்வளையத்தை இடப்புறம் அராவி 9 ஆக்கும் வேலை நடக்கிறது. உருப்பெருக்கியில் அவ்விடத்தில் தளத்தின் இயல்பான மினுக்கம் அறுந்து, கருவி பட்ட தடம் தெரியும். 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டபோது, கள்ளர் பார்த்துச் செய்வதற்குக் கடினமாக விளிம்பின் வரிகளுக்கு நடுவே பள்ளவரி ஒன்று ஓடும் பாதுகாப்பு விளிம்பு புகுத்தப்பட்டது; அன்று முதல் விளிம்பைப் பாராமல் முடிவு சொல்பவரை நல்ல நோட்டக்காரராகக் கொள்ள முடியாது.

ஸ்பானிய டாலருக்கும் சென்னைக்கும் நேரடி உறவு ஒன்றுண்டு. 1807ஐ ஒட்டிச் சென்னை அக்கசாலையில் புதிய இயந்திரங்கள் நிறுவப்பட்டபோது, கோபுரமும் விண்மீன்களும் ஒருபுறம், திருமால் உருவம் மறுபுறம், தமிழும் தெலுங்கும் பாரசீகமும் ஆங்கிலமும் பொறித்த வெள்ளி அரைவராகன்கள் வெளிவந்தன. அவற்றுள் சில, வணிகத்தில் வந்து குவிந்த ஸ்பானிய டாலர்களின் மேலேயே அடிக்கப்பட்டவை. டாலர் சுமார் 27 கிராம், அரைவராகன் சுமார் 21 கிராம் என்பதால் மிகுந்த வெள்ளியை நீக்கிய பின்னரே அடித்திருக்க வேண்டும். அவற்றில் கோபுரத்தின் அடியில் ஸ்பானிய எழுத்தின் எச்சமோ மன்னர் தலையின் வளைவோ தென்படுவதுண்டு. பழக்கமில்லாதவர் இதைப் போலியின் தடுமாற்றம் என்று தள்ளிவிடக்கூடும். அறிந்தவருக்கோ இதுவே மெய்ம்மையின் வலுவான அடையாளம்.

சென்னை அக்கசாலை 1869இல் மூடப்பட்டது. தங்கசாலை என்னும் தெருப்பெயர் இன்றும் வழங்குகிறது. நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுப்பதால், அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்களுக்கு அரைவராகனையோ விக்டோரியா ரூபாயையோ அனுப்பித் தீர்ப்புப் பெறும் வழி இங்குள்ளோருக்கு இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் கும்பினி நாணயங்களைப் பற்றி எழுதிய நூலும், அவ்வருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பும், ஐயத்துக்குரிய காசை மெய்யான காசோடு ஒப்பிட்டுப் பார்க்க இங்கேயே கிடைக்கும் துணைகள்.