மங்கிப்போன காரில் ஒரு கதவு மட்டும் புதுசா? முழுக் காருக்கும் சாயம் அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

நசுங்கிய கதவைத் தட்டிச் சரிசெய்து, சாயம் அடித்துக் காரை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் பலருக்கு அடுத்த கவலை தொடங்குகிறது. கதவு பளபளக்கிறது, பக்கத்தில் உள்ள மட்கார்டும் பொன்னெட்டும் வெளுத்துத் தெரிகின்றன. முழுக் காருக்கும் சாயம் அடித்தால்தான் நிறம் ஒத்துப்போகும் என்று பட்டறையில் சொல்லிவிடுகிறார்கள். 1985இல் அறிமுகமான புரோட்டோன் சாகா, 1994இல் வந்த பெரோடுவா கன்சில் போன்ற பழைய கார்களை இன்னும் ஓட்டும் குடும்பங்களுக்கு அது பெரிய செலவு. பல கார்களுக்கு அது தேவையே இல்லை.

ஏன் மங்குகிறது?

ஆண்டு முழுதும் அடிக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாயத்தின் மேற்பரப்பைச் சிதைக்கின்றன. கூரையும் பொன்னெட்டும் முதலில் மங்குவது இதனால்தான். சிவப்பு நிறம் மற்ற நிறங்களைவிட விரைவில் வெளுக்கும். மரப்பால், பறவை எச்சம், தோட்டப் பாதைச் செம்மண் தூசி ஆகியவையும் சேர்ந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும்.

எந்த வகைச் சாயம்?

கழுவிக் காய்ந்த காரில், மறைவான ஓரிடத்தில் சிறிது போலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றை அடுக்குச் சாயம். மேலே உள்ள செத்த அடுக்கை நீக்கினால் அடியில் பழைய நிறம் இருக்கும். துணியில் நிறம் ஒட்டாவிட்டால், நிறத்தின் மேல் 'கிளியர் கோட்' எனும் கண்ணாடி போன்ற பூச்சு இருப்பதாகக் கொள்ளலாம். அது மங்கியிருந்தால் மெருகேற்ற முடியும். தோல் போல உரிந்து வெள்ளைத் திட்டுகள் விழுந்திருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் மீளாது. அந்தப் பாகத்துக்கு மறுபடியும் சாயம் அடிக்கத்தான் வேண்டும்.

தேய்க்கும் முறை

காரை நிழலில் நிறுத்திக் கழுவ வேண்டும். ஒட்டியுள்ள அழுக்கைக் களிமண் போன்ற 'கிளே' கட்டியால், வழவழப்பு நீரைத் தெளித்தபடி எடுக்க வேண்டும். ஒரு சதுர அடி இடத்தில் மட்டும் முதலில் முயன்று பார்ப்பது நல்லது. மிருதுவான போலிஷில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் காம்பவுண்டைப் பயன்படுத்தலாம். காம்பவுண்டுக்குப் பிறகு மீண்டும் போலிஷ், கடைசியாக வெக்ஸ்.

காரின் மொத்தச் சாயமே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அது இன்னும் மெல்லியது. அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது பாதுகாப்பு.

முதலில் மெருகு, பிறகு சாயம்

செலவை மிச்சப்படுத்துவது இந்த வரிசைதான். கதவுக்கு இன்னும் சாயம் அடிக்கவில்லை என்றால், பக்கத்துப் பாகங்களை முதலில் மெருகேற்றிவிட வேண்டும். தூசி படிந்த, வெளுத்த மேற்பரப்பைப் பார்த்து நிறம் கலந்தால், பிறகு காரை மெருகேற்றும்போது புதிய கதவு தனித்துத் தெரியும்.

காரின் தகட்டில் உள்ள சாய எண் ஒரு தொடக்கம் மட்டுமே. வெயில் பட்ட கார் அந்த எண்ணிலிருந்து விலகியிருக்கும். ஆகவே கலந்த நிறத்தை ஓர் அட்டையில் அடித்து, பகல் வெளிச்சத்தில் காரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வெள்ளி போன்ற மெட்டாலிக் நிறங்களை நேராகவும் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். அப்படியும் சிறு வேறுபாடு இருந்தால், புதிய நிறத்தைப் பக்கத்துப் பாகத்தில் சிறிது சிறிதாகக் குறைத்து அடித்து, அந்தப் பாகம் முழுவதும் கிளியர் கோட் பூசுவார்கள். கண்ணுக்கு எல்லைக்கோடு தெரியாது. கூலி பேசும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

கதவுக்கு ஏற்கெனவே சாயம் அடித்தாகிவிட்டது என்றாலும், மற்ற பாகங்களை மெருகேற்றிப் பார்த்த பிறகே முழுச் சாயம் பற்றி முடிவெடுக்கலாம்.

அடித்த பிறகு

புதிய சாயத்தில் உள்ள கரைப்பான் முழுதாக வெளியேற நாளாகும். குறைந்தது ஒரு மாதமாவது அந்தப் பாகத்தில் வெக்ஸ் போடாமல் இருப்பதே வழக்கம். சரியான காலத்தைப் பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பறவை எச்சத்தை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு முழுக் காருக்கும் சாயம் தேவைப்பட்டு, வேறு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் தெரிவித்து வாகனப் பதிவில் நிறத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.